மேற்படி பறவையும் என் பேரனும்

என் பெயர் சுபினா. வயது ஐம்பத்திரண்டு. கணவர் பெயர் அடெனான். பன்யுவாங்கி மாவட்டம், சும்பெர்கெனாங்கா கிராமம், பள்ளிவாசல் தெருவில், மங்குஸ்தான் தோப்பை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறேன். சந்தை முனையில் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். சோறு, அவித்த கீரை, பொரித்த மீன், கையால் இடித்த மிளகாய்ச் சம்பல் விற்பது தொழில். எழுதப் படிக்கத் தெரியும். நான் சொல்வதைச் சுருக்காமல் எழுதும்படி காவல் நிலைய அதிகாரி விரியாந்தோ அவர்களைக் கேட்டுக்கொண்டேன். சுருக்கித்தான் எழுத முடியும் என்றார். எழுதட்டும், நான் விரித்தே சொல்கிறேன்.

என் மேல் புகார் கொடுத்திருப்பவர் தீம்புல். எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். என் கணவரின் சிறுவயதுக் கூட்டாளி. பங்கேரான், அதாவது இளவரசன் என்று பெயர் வைத்த பச்சைப் பாட்டுக்குருவி ஒன்றில் அவருக்கும் என் கணவருக்கும் பாதிப் பாதி உரிமை. அந்தக் குருவியை நான் வேண்டுமென்றே கூண்டைத் திறந்து பறக்கவிட்டேன் என்பது புகார். ஆமாம், திறந்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். நான் கடையை அடைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பது குருவிக்காக இல்லை. கைக்குழந்தையான என் பேரனை எறும்பு கடித்தபோது என் மகள் லைலி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள். அவள் மாமியாரும் அதைக் கேட்டுவிட்டு, பிறந்த முப்பத்தைந்தாம் நாள் சடங்கு முடிந்து வந்ததும் பிள்ளை இனித் தன் அறையில்தான் கிடக்கும், பால் கொடுக்கும் நேரம் மட்டும் லைலி தொட்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். லைலி மேல் தப்பு இல்லை என்பது அரசாங்கத் தாளில் எழுதப்பட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

மேற்படி பறவையின் அடையாளம் கேட்டதன் பேரில் கூறுவது: உடம்பு முழுக்க இலைப்பச்சை. முகமும் தொண்டையும் கறுப்பு. தாடையோரம் நீலக் கோடு. பாடும்போது தலை மயிரைச் சிலிர்த்துக்கொண்டு இறக்கையைத் தொங்கவிட்டுக்கொள்ளும். காலில் வளையம் உண்டு. கூண்டில் பிறந்தது, காட்டில் பிடித்தது இல்லை. காதில் விழுந்த சத்தத்தையெல்லாம் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும். குருவிப் பாட்டுப் போட்டியில் நடுவர்கள் அதன் கூண்டுக்குக் கீழே வெற்றிக் கொடி நட்டுவிட்டால் தெருவே எங்கள் வீட்டுக்கு வரும். வருகிறவர்கள் எல்லோருக்கும் காப்பி போடுவது நான். என்ன தீனி என்று அதிகாரி கேட்டார். வாழைப்பழம், பப்பாளி, வெட்டுக்கிளி, முசுறு எறும்பின் முட்டை என்றேன். முட்டையில் தேன் கலப்பதுண்டா என்று கேட்டார். இது வழக்குக்குத் தேவையா என்று நான் கேட்டேன். தேவை என்றார். நிலையத்தின் வாசலில் இரண்டு கூண்டுகள் தொங்குவதை உள்ளே வரும்போதே பார்த்தேன். தேன் கலப்பதில்லை என்று எழுதிக்கொள்ளவும்.

லைலி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் கணவர் பாலிக்குப் போகும் படகில் வேலை பார்க்கிறார், வந்து வந்து போவார். ஆண் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கப்படி முப்பத்தைந்தாம் நாள் வரை தாயும் பிள்ளையும் வாசல்படி தாண்டக் கூடாது. அதே சமயம் மேற்படி பறவைக்கு இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் காலம். குருவிக்காரர்கள் வழக்கப்படி, அந்தக் காலத்தில் கூண்டைத் துணி போட்டு மூடி ஒரே இடத்தில் தொங்கவிட வேண்டும், இடம் மாற்றினால் வால் ஒழுங்காக முளைக்காது. அப்போது எந்தச் சத்தத்தைக் கேட்கிறதோ அது புது இறகோடு குரலில் ஊறிவிடும் என்பதும் இவர்கள் நம்பிக்கை. கூண்டு தொங்குவது முன்னறையில். லைலியின் அறைக்கும் அதற்கும் நடுவே இருப்பது மூங்கில் தட்டி.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த அன்றே என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் ஏதோ பெயர் வைப்பது பற்றிப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"மூணு வீடு தள்ளி உன் தங்கச்சி வீடு இருக்குல்ல. லைலிய அங்க வச்சா என்ன? பிள்ள சத்தம் குருவிக்கு ஒத்துவராது" என்றார்.

"பிள்ள பெத்தவள வெளிய இறக்கச் சொல்றீங்களா? குருவியத் தூக்கித் தீம்புல் வீட்ல மாட்டுங்க."

"இறகு உதிருறப்ப எடம் மாத்தக் கூடாதுடி."

"பிள்ள பெத்தவளுக்கு உள்ள சட்டமெல்லாம் உங்க குருவிக்கும் இருக்குது போல. அதுக்கும் மஞ்ச அரச்சுப் பூசட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. "மஞ்ச பூசலாமான்னு தீம்புலக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கேட்கப் போனார். இந்த மனிதருடன் முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன் என்பதையும் அதிகாரி குறித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு வீட்டில் சட்டங்கள் வந்தன. சம்பலை உரலில் இடிக்கக் கூடாது, இடிப்பதானால் தோப்புக்குள் போய் இடிக்க வேண்டும். எண்ணெயில் மீன் போடும்போது கதவைச் சாத்த வேண்டும். தும்மல் வந்தால் துணியில் தும்ம வேண்டும். பிள்ளை அழுதால் மட்டும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை அழுதது. நல்ல பசியுள்ள பிள்ளை, நன்றாகவே அழுதது. என் கணவர் துணிக்குள் கைப்பேசியை வைத்து வேறு பறவைகளின் பாட்டை ஓடவிட்டுப் பார்த்தார். மேற்படி பறவை அந்தப் பாட்டையெல்லாம் விட்டுவிட்டு அழுகையை எடுத்துக்கொண்டது.

முதல் தடவை கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் லைலியும் அடுக்களையில் இருந்தோம். பிள்ளை வீறிட்டது. லைலி கையிலிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அழுகை முன்னறையில் துணிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. லைலிக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. அவள் சிரித்தாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அதன் பிறகு சிரிப்பதற்கு எதுவும் இல்லை. பிள்ளை தூங்கினால் குருவி அழும். குருவி ஓய்ந்தால் பிள்ளை எழுந்துவிடும். ஒவ்வொரு அழுகைக்கும் லைலி எழுந்து ஓடினாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. தீம்புல் முதலில் தலையில் அடித்துக்கொண்டார், குருவி கெட்டுவிட்டது, இனி எந்த நடுவரும் இதைத் திரும்பிப் பார்க்க மாட்டார் என்றார். அதன் பிறகு பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் கேட்டுவிட்டு மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். உடனே தீம்புலுக்கு மனம் மாறிவிட்டது. "அண்ணி, இந்த மாதிரி குரல் எந்தப் போட்டியிலயும் வந்ததில்ல. பிள்ளைய இன்னும் கொஞ்சம் அழ விடலாம்ல, நீங்க உடனே உடனே தூக்கிடுறீங்க" என்று என்னிடமே சொன்னார். கையிலிருந்த கரண்டியால் அடிக்காமல் விட்டேன். அவர் புகாரில் இல்லாத இந்த விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளவும்.

எத்தனை நேரம் இடைவிடாமல் அழும் என்று அதிகாரி கேட்டார். பிள்ளையா குருவியா என்று கேட்டேன். குருவி என்றார். அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னேன்.

இனிச் சொல்வதைத் தெளிவாக எழுத வேண்டும். லைலி இப்படி எழுந்து எழுந்து ஓடி ஒரு நாள் தலை சுற்றி விழப்போனாள். அதன் பிறகு அவள் அப்பா என் முன்னால் அவளிடம் சொன்னார்: "நீ எதுக்குச் சும்மா சும்மா எந்திரிக்கிற? அது குருவிம்மா. நான் முன்னறையிலதான் இருக்கேன். பிள்ள அழுதா நான் வந்து எழுப்புறேன். நீ படுத்துத் தூங்கு." சொன்னது அடெனான். கேட்டது நான். லைலி அதை நம்பினாள். பெற்ற அப்பா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடையில் இருந்தேன். என் கணவர் சந்தைக்குப் போய் வாழை இலைப் பொட்டலத்தில் முசுறு முட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த முட்டையோடு உயிருள்ள எறும்பும் எப்போதும் கொஞ்சம் கலந்திருக்கும். வழக்கமாக அதைச் சலித்து, ஒரு தட்டில் போட்டு, தட்டைத் தண்ணீர்ச் சட்டிக்கு நடுவில் வைப்பார், எறும்பு தாண்டி வராது. அன்றைக்குத் தீம்புல் போன் செய்து, போட்டி நடத்துகிறவர்கள் குரலைக் கேட்க வேண்டும் என்கிறார்கள், உடனே பதிவு செய்து அனுப்பு என்று அவசரப்படுத்தியிருக்கிறார். அதனால் இவர் பொட்டலத்தைச் சலிக்கவில்லை. வெயிலில் முட்டை கெட்டுவிடும் என்று, வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எதுவோ அங்கே வைத்தார். அது லைலியின் அறை ஜன்னல் திண்டு. அதன் கீழேதான் பிள்ளையின் பாய்.

சோறு சீக்கிரம் தீர்ந்ததால் நான் வழக்கத்தைவிட முன்னதாக வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே அழுகை கேட்டது. என் கணவர் மூடிய கூண்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து, "உஸ், பதிவு ஓடுது" என்றார். நானும் குருவி என்றுதான் நினைத்தேன். கூடையை இறக்கி வைக்க லைலியின் அறைக்குள் போனேன்.

பிள்ளையைச் சுற்றியிருந்த துணியில் முசுறு ஊர்ந்துகொண்டிருந்தது. கழுத்து மடிப்பில், காது ஓரத்தில், இமையில். லைலி பிள்ளை பக்கமாகத் திரும்பிப் படுத்து, ஒரு கையைப் பிள்ளை மேல் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் எறும்பு கடித்துக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு அசதி. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். அதன் பிறகு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். முப்பத்தைந்தாம் நாளுக்கு முன்னால் வாசல்படி தாண்டிவிட்டது, தாண்டட்டும். உடம்பெல்லாம் தடிப்பு. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது, அதன் பிறகு திறந்துவிட்டது. பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறது, பால் குடிக்கிறது.

அன்று சாயந்திரம் வீட்டில் நடந்தது. பிள்ளை அழுதபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று என் கணவரைக் கேட்டேன்.

"பிள்ள அழவே இல்ல. அல்லா மேல ஆணையா அழல. நான் பக்கத்துலயே இருந்தேனே. குருவிதான் பாடிச்சு."

"அவ்வளவு எறும்பு கடிச்சும் ஒரு பிள்ள அழாம இருக்குமா?"

"நான் என்னத்தச் சொல்ல? அழல."

லைலி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குத் தூக்கத்துல கேட்டுச்சும்மா. குருவின்னு நெனச்சேன். குருவின்னு நெனச்சு நான் திரும்பிப் படுத்தேன்" என்றாள். அன்றிலிருந்து பிள்ளையைக் கீழே இறக்குவதே இல்லை. உட்கார்ந்தபடியே கண்ணை மூடித் திறக்கிறாள். சோறு ஊட்டினால் இரண்டு வாய் வாங்குகிறாள்.

நான் அவள் பக்கத்தில் இருந்து எழுந்து முன்னறைக்கு வந்தபோது, என் கணவர் அந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்து, மிச்சமிருந்த முட்டையைச் சலித்து, கூண்டின் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அதே பொட்டலம். வேறு எதுவும் எனக்கு நினைவில்லை என்று சொல்ல மாட்டேன், எல்லாம் நினைவிருக்கிறது. நான் கூண்டைக் கொக்கியிலிருந்து கழற்றினேன், முற்றத்துக்குக் கொண்டுபோனேன், துணியை உருவினேன், கதவைத் தூக்கினேன். அவர் பின்னாலேயே வந்து, "வாலு இப்பத்தான் முளைச்சிருக்கு, வேணாம்டி" என்றார். மேற்படி பறவை கதவில் வந்து உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. வெற்றிலை பாக்கு வைத்து அனுப்ப வேண்டும் போல. கூண்டைப் பிடித்து உலுக்கினேன். பறந்து மங்குஸ்தான் மரத்தில் உட்கார்ந்தது. வெயிலில் அந்தப் பச்சை நல்ல அழகு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு அது தோப்பிலேயே இருந்துகொண்டு அழுதது. தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் வெளியே வந்து வந்து பார்த்தார்கள். தீம்புல் ஏணியும் ஒரு பெட்டைக் குருவிக் கூண்டுமாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பெட்டையை அது மதிக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அழுகை கேட்கவில்லை. மலைப்பக்கம் காட்டுக்குப் போயிருக்கும் என்கிறார்கள். எனக்கு வேறொன்றும் தெரியாது. மறுநாள் புகார் வந்தது.

இன்று நிலையத்தில் நடந்ததையும் இதில் சேர்க்கச் சொன்னேன். அதிகாரி யோசித்துவிட்டுச் சேர்ப்பதாகச் சொன்னார். பறவையின் மதிப்பை எப்படிக் காட்டுவது என்று அதிகாரி கேட்டதற்குத் தீம்புல் தன் கைப்பேசியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் அவருக்கு அனுப்பிய பதிவு. அதை மேசை மேல் வைத்து ஓடவிட்டார். காவலர்கள் இருவரும், ஓட்டுநர் உரிமத்துக்கு வந்த ஒருவரும்கூடக் கிட்டே வந்து நின்றார்கள். அழுகை கேட்டது. இடையிடையே என் கணவர் விரலைச் சொடுக்கி உற்சாகப்படுத்தும் சத்தமும், "அப்படித்தான் ராஜா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்ற அவர் குரலும் கேட்டன. அதிகாரி கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "சுத்தமான குரல். எங்கயும் தளர்ச்சியே இல்ல" என்றார்.

பதிவு முடியப்போகும் நேரத்தில் இரண்டாவதாக ஒரு அழுகை தொடங்கியது. முதல் அழுகை நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்தே கேட்டன.

அதிகாரி கண்ணைத் திறந்தார். "வீட்ல எத்தன குருவி?" என்றார்.

"ஒண்ணுதான் ஐயா" என்றார் தீம்புல்.

அதிகாரி கடைசிப் பகுதியை மறுபடி ஓடவிட்டார். ஒரு அழுகையில் மூச்சு திணறியது, நடுவில் விக்கியது. முதலில் தொடங்கியது அதுதான். மற்றது கூண்டுக்குப் பக்கத்திலிருந்து, திணறல் இல்லாமல், அதைக் கேட்டு அப்படியே பாடியது. "ரெண்டாவதுதான் பங்கேரான்" என்று தீம்புல் மெதுவாகச் சொன்னார். என் கணவர் சுவரோரப் பெஞ்சில் இருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துத் தீம்புல், "நான் புகார வாபஸ் வாங்கிக்கிறேன். பதிவ அழிச்சிருவோம்" என்றார். என் கணவரும் அழிக்கச் சொன்னார். வாபஸ் வாங்கினால் இந்த வாக்குமூலத்துக்கு வேலை இல்லை, கிழித்துப் போட்டுவிடலாம் என்று அதிகாரி எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. கூண்டைத் திறந்தது நான். புகார் நிற்கட்டும். என்ன தண்டனையோ கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். தாள் கிழியக் கூடாது. அதிகாரிக்கு இது புரியவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர் இப்படி அடம் பிடித்து நான் பார்த்ததில்லை அம்மா என்றார். இப்போது பாருங்கள் என்றேன்.

நான் கேட்பது இது. அந்தப் பதிவை அழிக்காமல், கைப்பேசிகளிலிருந்து எடுத்து, உறையில் போட்டு அரக்கு வைத்து மூடிவிட வேண்டும். லைலி அதைக் கேட்கக் கூடாது. தன் பிள்ளை அத்தனை நேரம் அழுததையும், தன் அப்பா அதை இன்னும் கொஞ்சம் என்று தட்டிக்கொடுத்ததையும் அவள் காதால் கேட்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக இந்தத் தாளின் நகலை எனக்குக் கொடுக்க வேண்டும். அதைச் சம்பந்தி அம்மாள் வீட்டுக்கு நான் எடுத்துப்போய் நானே வாசித்துக் காட்டுவேன். பிள்ளை அழுதது. பலமாக அழுதது. எழுந்திருக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா சொன்னதால்தான் லைலி எழுந்திருக்கவில்லை. காவலுக்கு இருந்தவருக்கு அழுகை கேட்டது, அவர் போகவில்லை. இந்த நான்கு வரியையும் அதிகாரி கடைசியில் ஒரே வரியாக எழுதியிருந்தார். பிரித்து எழுதச் சொல்லி, எழுதிய பிறகு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

மேலே உள்ளது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, தேன் விஷயம் உட்பட. யாருடைய வற்புறுத்தலும் இல்லை. வற்புறுத்தியது நான்தான்.

ஒப்பம்: சுபினா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: விரியாந்தோ, நிலைய அதிகாரி

உடனிருந்த சாட்சி: அடெனான்
(சாட்சி கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று சொல்லப்பட்டும், அதன் கீழே தன் கைப்பட எழுதியது: பிள்ளை அழுதது. நான் கேட்டேன்.)